பாப்பாவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன்

பேய், ஆவி, காற்று, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். என் வேலை அப்படி. மென்பொருள் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "இப்படி ஒன்று நடந்தது" என்று யாராவது புகார் சொன்னால் நாங்கள் உடனே நம்ப மாட்டோம், அவர் செய்ததை அப்படியே மறுபடி செய்து பார்ப்போம், மறுபடியும் நடந்தால்தான் ஒத்துக்கொள்வோம், இல்லையென்றால் புகாரை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். இதையும் அப்படி மூடிவிட மூன்று வருடமாக முயற்சி செய்கிறேன், முடியவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடுவில் மட்டும் "தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பாய்" என்று சொல்லிவிடாதீர்கள். நடந்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குமேல், பளிச்சென்ற வெயிலில்.

எனக்கு இரண்டு பெயர். அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம் கடலாடிக்கு உள்ளே, மிளகாயும் சோளமும் விளைகிற கரிசல், மழை ஏமாற்றினால் கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுவார்கள். எங்கள் தெருவில் பதினைந்து வீடு, பதினைந்தும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மாதா கோவிலில் எனக்கு வைத்த பெயர் சவரிமுத்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அய்யா கார்த்திக் என்றும் இந்து என்றும் எழுதிவிட்டார், ஏனென்றால் எங்கள் ஆட்கள் வேதத்தில் இருப்பதாக எழுதினால் படிப்புக்குக் கிடைக்கிற எஸ்.சி. சலுகை போய்விடும். எங்கள் பக்கம் இது ரகசியமே இல்லை. வாத்தியாருக்கும் தெரியும், பூசை வைக்கிற சாமியாருக்கும் தெரியும். வீட்டில் ஒரு சட்டை, வெளியே போக ஒரு சட்டை, அவ்வளவுதான். அய்யாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தச் சான்றிதழில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். ஆனால் வெளியே போகும்போது போடச் சொன்ன சட்டையை நான் கழற்றவே இல்லை. சென்னைக்கு வந்த பிறகு ரூம் வாடகைக்குக் கேட்கும்போது கார்த்திக், ஆபீஸில் கார்த்திக், நெற்றியில் யாராவது விபூதி வைத்தால் வாங்கிக்கொள்கிற கார்த்திக். ஞாயிறு பூசைக்குப் போவதும் மெல்ல மெல்ல நின்றது. சவரி என்று என்னைக் கூப்பிட உலகத்தில் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம், அதில் ஒருத்தி என் தங்கை செலின்.

அய்யாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அவள் கட்டிக்கொண்டது மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில், ராயப்பன் என்று ஒரு நல்ல பையன், சொந்தமாக நாட்டுப்படகு வைத்திருக்கிறான். காதல் கல்யாணம். அவர்களும் வேதக்காரர்கள்தான், ஆனால் காட்டு ஊரில் கூலி வேலை செய்கிற எங்கள் ஆட்களோடு அவர்கள் சம்பந்தம் வைப்பதில்லை. ஞாயிறு தவறாமல் பூசையில் ஒரே நற்கருணை அப்பத்தை வாங்குவார்கள், பெண் எடுக்கச் சொன்னால் மட்டும் யோசிப்பார்கள். செலினின் மாமியார் வாயைத் திறந்தால், "பொறந்த வீட்டுலருந்து எட்டிப் பாக்க ஒரு நாதி இல்ல" என்பதில்தான் வந்து முடிப்பார். அதோடு ஏழு வருடம் பிள்ளையும் தங்கவில்லை, இரண்டு முறை உண்டாகிக் கலைந்தது. கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்து, எடை போதாமல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது.

ராயப்பன் வீட்டுப் பழக்கத்தில் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். பிள்ளைக்கு வெள்ளை உடையும் மெழுகுவர்த்தியும் அவன்தான் வாங்கி வரவேண்டும், ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் பிள்ளையை அவன்தான் ஏந்த வேண்டும், சாமியார் கேட்கிற கேள்விக்கெல்லாம் பிள்ளைக்குப் பதிலாக அவன்தான் பதில் சொல்ல வேண்டும். செலின் ஒரு மாதத்துக்கு முன்பே தேதி சொல்லிவிட்டாள். நானும் தி. நகரில் அலைந்து ஒரு வெள்ளை கவுன் வாங்கினேன், கழுத்தில் சின்னதாக லேஸ் வைத்தது. சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு ராமநாதபுரம் டிக்கெட்டும் போட்டாயிற்று.

வியாழக்கிழமை நித்யா, "ஞாயித்துக்கிழமை வீட்ல சத்யநாராயண பூஜை, அப்பா உன்னைப் பாக்கணும்கிறார்" என்றாள். நித்யா என்னோடு வேலை செய்தவள், என் காதலி, அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். "அப்பாகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்" என்பது நாங்கள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம். அந்த ஞாயிறு போகவில்லை என்றால் அடுத்த முகூர்த்தத்துக்குள் அவர் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்றாள். நான் டிக்கெட்டை ரத்து செய்தேன். செலினுக்குப் போன் செய்து, ஆபீஸில் பெரிய பிரச்சினை, லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று புளுகினேன்.  "சரிண்ணே, வேலைதான முக்கியம்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. அண்ணா நகரில் நித்யா வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் அவள் சொந்தக்காரர்கள் பதினைந்து இருபது பேர். பூஜைக்கு நடுவில் அவள் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். "உங்க குலதெய்வம் எங்க தம்பி இருக்கு?" என்றார். ஊருக்குத் தெற்கே கண்மாய்க் கரையில் ஒரு அய்யனார் உண்டு, எங்களுக்குச் சம்பந்தமில்லை, அந்த அய்யனாரைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தினேனா, மண் குதிரை சுமந்து போகிற புரவி எடுப்பு எப்படி நடக்கும், யார் வீட்டிலிருந்து பொங்கல் பானை வரும் என்று சின்ன வயதில் தூர நின்று வேடிக்கை பார்த்ததையெல்லாம் என் வீட்டு விசேஷம் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"கூடப் பிறந்தவங்க?" என்றார்.

செலின் என்று பெயரைச் சொன்னால் எல்லாம் உடைந்துவிடும். வேறு ஏதாவது பெயர் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை. "யாருமில்லைங்க, நான் ஒருத்தன்தான்" என்றேன். எதிரில் பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நித்யா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த நிமிடம் என் இடது கை கனத்தது. மரத்துப் போனதாக நினைத்தேன். ஆனால் மரத்துப் போன கை உணர்வில்லாமல் கிடக்கும், இது அப்படியில்லை, முழங்கை மடிப்பில் எதையோ வைத்த மாதிரி, வைத்தது மெல்ல அசைகிற மாதிரி இருந்தது. கையைத் தளர்த்தப் பயமாக இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள், தளர்த்தினால் எதுவோ விழுந்துவிடும் என்று தோன்றியது. ஆரத்தி முடியும்வரை கையை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு நித்யா பால்கனிக்குக் கூப்பிட்டு, "ஏன் அப்படிச் சொன்ன? செலினுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும்?" என்று கோபமாக ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு, "சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?" என்றாள். இடது கைச் சட்டை தோள்பட்டையிலிருந்து முழங்கைவரை ஈரம். யாரும் என்மேல் தண்ணீர் ஊற்றவில்லை.

இரண்டு மணி வாக்கில் செலின் கூப்பிட்டாள். எடுக்கக் கை வரவில்லை, மூன்றாவது தடவை எடுத்தேன்.

"என்னண்ணே, ஒரு வாய் சாப்பிடாமக் கெளம்பிட்ட. எல்லாரும் ஒன்னையத்தான் கேக்குறாக."

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். "என்னால வர முடியலைன்னு அன்னைக்கே சொன்னேன்ல செலின்" என்று இழுத்தேன்.

"வந்து நின்னுட்டு என்ன வர முடியல. லீவே இல்லைன்னுட்டு, கரெக்டா சாமியாரு புள்ள பேரு கேக்குற நேரத்துக்கு வாசப்படி ஏறி வாரியே, எனக்கு உசுரே திரும்பி வந்துச்சுண்ணே. எங்க மாமியா இன்னைக்கு வாயத் தொறக்கல."

அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள். ராயப்பன் போனை வாங்கிக்கொண்டான். "மச்சான், அப்புடி என்ன அவசரம் ஒங்களுக்கு? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டுருப்பேன்ல. புள்ளைய அவ கையில குடுத்தீக, திரும்பிப் பாக்குறதுக்குள்ள காணாமப் போயிட்டீக."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் வரவில்லை மாப்பிள்ளை, அது யாரென்று பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரோ ஒரு ஆள் பிள்ளையைத் தூக்கியிருக்கிறான், எனக்குப் பதற வேண்டாமா? ஆனால் அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனது வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன், எனக்கு அந்த நல்ல பெயர் பிடித்திருந்தது. "பஸ்ஸு வந்துருச்சு மாப்ள, அதான்" என்றேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ வந்தது. ஒன்றில் மட்டும்தான் அவன் இருந்தான். தொட்டிக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் பிள்ளையை இடது கையில் ஏந்திக் குனிந்து நிற்கிறான், பாதி முகத்தைச் சாமியாரின் கை மறைக்கிறது. என் பிடரி, என் காது, என் வழுக்கை விழுந்துகொண்டிருக்கிற இடம். இடது கைச் சட்டை நனைந்திருந்தது. போட்டோ எடுத்த நேரம் பத்து நாற்பத்திரண்டு என்று ராயப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நித்யாவின் சித்தப்பா பூஜையில் எடுத்த போட்டோவில் நானும் அவள் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறோம், அது பத்து நாற்பத்தொன்று. பிள்ளை போட்டிருந்தது கழுத்தில் சின்ன லேஸ் வைத்த வெள்ளை கவுன். நான் வாங்கிய கவுன் பில்லோடு என் அலமாரியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

என்னை மாதிரி இருக்கிற தூரத்துச் சொந்தம் யாராவது, ராயப்பனின் நண்பர்கள் செய்த ஏற்பாடு, இப்படி எனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் சோதித்துப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து யாருக்கும் சொல்லாமல் அந்த ஊர்ப் பங்குக் கோவிலுக்குப் போய், பிள்ளைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பதிவேட்டைக் கேட்டேன். ஞானத்தகப்பன் கையெழுத்து போடும் இடத்தில் "ஞா. சவரிமுத்து" என்று இருந்தது. காலேஜ் சேர்ந்ததிலிருந்து நான் இங்கிலீஷில்தான் கையெழுத்துப் போடுகிறேன், கார்த்திக் என்று. இது ஒன்பதாம் வகுப்பு நோட்டில் எழுதுகிற மாதிரி கொஞ்சம் சாய்ந்த எழுத்து, ஆனால் என் கையெழுத்து, அதில் சந்தேகமே இல்லை. சாமியார் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானே செலினோட அண்ணன். விசுவசிக்கிறீர்களான்னு கேட்டா நம்ம ஆளுங்க முணுமுணுப்பாங்க. நீங்க கோவில் முழுக்கக் கேக்குற மாதிரி விசுவசிக்கிறேன்னு சொன்னீங்க. அழுதீங்க வேற."

ஆமாம் ஃபாதர் என்றேன். புனிதர்கள் சிலர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்ததாகச் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். நான் புனிதன் இல்லை. நான் விசுவசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பதினைந்து வருடம் இருக்கும். நான் சொல்லாத ஒன்றுக்கு எனக்குப் பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் எனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம் நடந்தது, சென்னையில் ஒரு கோயிலில். என் பக்கம் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர். கூடப் பிறந்தவர் யாருமில்லை என்று ஒருமுறை சொன்னவன் திடீரென்று தங்கையைக் கொண்டுவந்து நிறுத்த முடியுமா? செலினிடம் சொல்லவே இல்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருடத்துக்குமேல் ஓடிவிட்டது. அவள் போனில் "எப்பண்ணே கல்யாணம் பண்ணப்போற" என்று ஆரம்பத்தில் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டுச் சலித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆடி மாதம் நித்யாதான் பிடித்துத் தள்ளினாள். போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வா, அடித்தாலும் வாங்கிக்கொண்டு வா என்றாள். ராமநாதபுரத்தில் இறங்கி மண்டபம் பஸ் ஏறியதிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் கல்யாணத்தை மறைத்ததைச் சொல்லவேண்டும். பிறகு தங்கை இல்லை என்று சொன்னதை. கடைசியாக, ஞானஸ்நானத்துக்கு வந்தது நான் இல்லை என்பதை.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ராயப்பன் கடலுக்குப் போயிருந்தான், பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. செலின் வீட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, "வாண்ணே, இங்கன ஒக்காரு" என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் சொல்லவே மாட்டேன் என்று தெரியும். "செலின், எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஒன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் கணவாயைத் திருப்பிப் போட்டு அலசிக்கொண்டே, "அதையே எத்தன வாட்டிண்ணே சொல்லுவ?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பெரிய வெள்ளிக்கு மறுநா வந்து, இதே நாற்காலியில ஒக்காந்து தேம்பித் தேம்பி அழுதியே. கூடப்பொறந்தவ இல்லைன்னு சொல்லிட்டேன் செலினுன்னு என் காலப் புடிக்க வந்த. எனக்கும் வயிறு எரிஞ்சுச்சுதான், பொய் சொல்லல. ஆனா அப்புடி ஒரு ஆம்பள அழுது நான் பாத்ததில்ல. மன்னிச்சுட்டேன்னு சொல்லி நெத்தியில சிலுவை போட்டுத்தான அனுப்புனேன். மறந்துட்டியா?"

புனித வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமையானாலும், அவசர வேலை என்று நான் ஆபீஸில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை மீட்டிங், பதிவு இருக்கிறது.

 "வேற என்ன சொன்னேன்?" என்றேன்.

"எல்லாந்தான் சொன்ன. கடைசியில என்னமோ கிறுக்கு மாதிரி, பாப்பா ஞானஸ்நானத்துக்கு நான் வரல செலினு, அங்கன நின்னது நான் இல்லைன்னு கூடச் சொன்ன. நான் சிரிச்சுட்டேன். நீ வராமத்தான் புள்ள ஒன் கையில நனைஞ்சுச்சாக்கும்."

நான் சொல்ல வேண்டியது ஒன்றுகூட மிச்சமில்லை. நான் வராத நாளில் ஒருத்தன் வந்து, நான் செய்த துரோகத்துக்கெல்லாம் அவன் அழுது, அவன் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் உண்மையைச் சொன்னபோதும் இவள் சிரித்துவிட்டாள். இப்போது நான் சொன்னாலும் சிரிக்கத்தான் போகிறாள்.

"எனக்கு ஒரு தடவை நெத்தியில போட்டு விடுறியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, குழந்தை மாதிரி கேட்டேன்.

செலின் மீன் வழுவழுப்பு படிந்த இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "கையெல்லாம் கவுச்சி, அதான் அன்னைக்கே போட்டாச்சுல்ல, போண்ணே" என்று சிரித்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அன்று சாயங்கால ரயிலில் திரும்பிவிட்டேன். நித்யா கேட்டதற்கு, மன்னித்துவிட்டாள் என்று சொன்னேன். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை, நீங்கள் ஏதாவது வைத்திருந்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். கம்பெனியில் புது நம்பர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நம்பரிலிருந்து செலினைக் கூப்பிட்டேன்.

"செலின், நான்தான்" என்றேன்.

"யாருங்க, கொரலு தெரியலையே" என்றாள். நான் மறுபடி சொல்ல வாயெடுப்பதற்குள், "எங்கண்ணன் மெட்ராசுலருந்து வந்திருக்கு, சோறு போட்டுக்கிட்டு இருக்கேன், அப்பறம் பேசுங்க" என்றாள். பின்னால் பாப்பா கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு ஆண்குரல், வாயில் சோற்றோடு, "யாரு செலினு?" என்று கேட்டது.

"தெரியலண்ணே, யாரோ" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.